அட்வான்ஸ் என்று எழுதப்பட்ட சம்பளம்

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. வெளியூர் வாசகர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டு வாங்கியே பழகிய என்னைப் போன்ற பழைய குமாஸ்தாவுக்கு, மகள் வீட்டோடு இந்த ஊருக்கு வந்த புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். பெரும்பாலானவர்கள் பார்ப்பது ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. சனிக்கிழமை ராத்திரி ஒரு கவர் வரும். கவரின் மேல் பென்சிலால் ஆறு நாள் கணக்கு எழுதியிருக்கும். அவ்வளவுதான் ரசீது.

எங்கள் தெருவில் எனக்கு ‘பேப்பர் தாத்தா’ என்று பெயர். வங்கி நோட்டீஸ், பி.எஃப். கடிதம், பட்டா மனு எது வந்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். முப்பத்து நாலு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது பொழுதுபோக்கு. அப்படி வந்த ஒரு விவகாரத்தை எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம்.

தேனிப் பக்கத்திலிருந்து வந்த பையன். பையன் என்றால் நாற்பது வயது. பதினைந்து வருடம் சிங்கர் டெய்லர். 2023-ல் அவன் வேலை பார்த்த உள்நாட்டு பனியன் கம்பெனியில் கூப்பிட்டு, “இனிமேல் நீ டெய்லர் இல்லை, காண்ட்ராக்டர்” என்றார்கள். மிஷின் கம்பெனியுடையது, துணி கம்பெனியுடையது, நூல், கரண்ட், ஷெட் எல்லாமே கம்பெனியுடையது. ஆட்கள் மட்டும் இவனுடையவர்கள், பதினாலு பேர். பீஸ் ரேட்டில் கணக்குப் போட்டு வாரா வாரம் மொத்தமாக இவன் கையில் கொடுப்பார்கள், இவன் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதே ஷெட்டில் இவனைப் போல இன்னும் பல பேர். ஒருவரிடம் பதினாலு ஆள், ஒருவரிடம் பதினெட்டு ஆள். யாரிடமும் இருபதைத் தொடாது. அந்த இருபது தற்செயலானது அல்ல. பி.எஃப். சட்டமும் அப்போது அமலில் இருந்த 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் இருபது ஆளில்தான் தொடங்கின என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரே நிறுவனத்தைப் பிரித்துக் காட்டினாலும் சட்டம் ஒன்றாகவே பார்க்கும் என்பதும், காண்ட்ராக்டர் மூலம் வந்த ஆளும் கம்பெனியின் தொழிலாளிதான் என்று 1952-ன் பி.எஃப். சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாடு திருப்பூருக்குப் புதிதல்ல. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் வேலையைச் சின்னச் சின்ன யூனிட்டாகவும் காண்ட்ராக்டாகவும் உடைப்பது வேகமெடுத்தது என்று அந்தக் காலத்துத் தொழிற்சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். அப்படிக் காண்ட்ராக்டரானவர்களில் சிலர் இன்று முதலாளிகளாக இருப்பதும் உண்மை. அந்த ஆசையைக் காட்டித்தான் இவனையும் இழுத்தார்கள்.

இவன் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பதினாலு பேருக்கு ஒன்றரை ஷிப்ட் கூலி என்றால் வருடத்துக்குச் சுமார் 38 லட்சம் ரூபாய் இவன் கை வழியாகப் போகும். கணக்குப்பிள்ளை சொன்னாராம்: “பில் இருபது லட்சத்தைத் தாண்டுச்சுன்னா ஜி.எஸ்.டி. எடுக்கோணும், ஆடிட்டர் வெக்கோணும், வரி கட்டோணும். உனக்கெதுக்கு அந்த ரோதனை? பாதியைப் பில்லாப் போட்டுக்கலாம். மீதியை அட்வான்ஸ்னு எழுதிக் கையில குடுத்துர்றோம். திருப்பிக் கேக்கவே மாட்டோம்.” இவனுக்கு நல்லது செய்வதுபோல. ஆட்களிடமும் கேட்டிருக்கிறார்கள். பிடித்தம் இல்லாமல் கையில் முழுசாக வேண்டுமா, பி.எஃப். வேண்டுமா? எல்லோரும் கையில் என்றார்கள்.

அதில் தொழிலாளிகளை நான் குறை சொல்ல மாட்டேன். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 12 சதவீதம் என்றால் மாதம் 1,800. வாடகையில் பாதி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரண்டு வருடத்தில் ஊர் திரும்புகிற பையனிடம், பத்து வருடம் சேவை முடித்தால் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷன் என்று சொன்னால் சிரிப்பான். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவன் படும் பாடு வேறு. ஆதாரில் ஒரு எழுத்து, பி.எஃப். கணக்கில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் போதும், விண்ணப்பம் திரும்பி வரும். இதற்காகவே நான் எத்தனை கூட்டு உறுதிமொழி எழுதியிருக்கிறேன்! அரசாங்க அலுவலகங்கள் இதை எளிதாக வைத்திருந்தால் ‘கையில் முழுசா’ என்ற வார்த்தைக்கு இவ்வளவு வசீகரம் இருந்திருக்காது. நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், அதனால் சொல்லலாம்.

அட்வான்ஸ் எப்படி எழுதப்பட்டது என்பதுதான் முக்கியம். மாதா மாதம் கையில் வந்த தொகைக்கு மாதக் கடைசியில் ஒரு புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ‘கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டிருந்ததன் கீழே கையெழுத்து. பதினோரு நோட்டு, மொத்தம் 19 லட்சம். சிலவற்றில் பெறுபவர் பெயர் எழுதாமல் விட்டிருந்தது.

2024 ஆகஸ்டில் இவன் குழுவில் ஓவர்லாக் அடிக்கிற ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது பல்லடம் ரோட்டில் வேன் இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் போய்விட்டது. அதன் பிறகு அறுவை சிகிச்சை, தகடு, மறுபடி ஒரு அறுவை சிகிச்சை என்று 2,80,000 ரூபாய். இவன் மனைவியின் நகையை வைத்து 1,20,000 கொடுத்தான். மீதிக்கு அந்தப் பெண்ணின் குடும்பம் வட்டிக்கு வாங்கியது. ஏழு மாதம் வேலை இல்லை.

இ.எஸ்.ஐ.-யில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஷிப்டுக்கு 600 என்று 26 நாளுக்கு 15,600 ரூபாய். தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், 117 ரூபாய். முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம், 507 ரூபாய். ஓவர்டைமுக்கும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இதற்குப் பதிலாக முழு வைத்தியம். வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும் கூலியில் 90 சதவீதம். வேலைக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ நடக்கிற விபத்தையும் வேலையிட விபத்தாகவே எடுத்துக்கொள்ள 2010-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இதே ஊரில் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். மாதம் 117 ரூபாய் என்றதும் அந்தப் பெண்ணின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவன் கம்பெனியில் போய் உதவி கேட்டான். அது காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். இவன் குரலை உயர்த்தியதும் கணக்குப்பிள்ளை மேஜை டிராயரைத் திறந்து நோட்டுக்கட்டை எடுத்து மேலே வைத்தாராம். “பத்தொம்பது லட்சம் உம் பேர்ல நிக்குது தம்பி. மொதல்ல அதைப் பேசலாமா?”

அன்று ராத்திரிதான் என்னிடம் வந்தான். “அய்யா, அது என் சம்பளம்யா. என் ஆளுங்க சம்பளம்யா. நான் கடன் வாங்கலைய்யா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இங்கே கொஞ்சம் லண்டனுக்குப் போய் வர வேண்டும். என் மைத்துனர் மகன் அங்கே கம்ப்யூட்டர் காண்ட்ராக்டராக இருக்கிறான். அவன் சொல்லித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும். பிரிட்டனில் 2000-ல் ஐ.ஆர்.35 என்று ஒரு விதி வந்தது. பெயருக்குக் காண்ட்ராக்டர், உண்மையில் ஊழியர் என்றிருப்பவர்கள் ஊழியரைப் போலவே வரி கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். உடனே அதைச் சுற்றிக்கொண்டு போகத் திட்டங்கள் முளைத்தன. நீங்கள் சம்பாதித்த பணம் ஒரு இடைநிறுவனத்துக்குப் போகும். அது உங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு மட்டும் சம்பளம் போடும். மீதியை எங்கோ ஒரு தீவில் இருக்கும் டிரஸ்ட் ‘கடன்’ என்று தரும். கடனுக்கு வருமான வரி இல்லையே! திருப்பித் தரவும் வேண்டாம். 80, 85 சதவீதம் கையில் என்று விளம்பரம். நர்சுகளும் சமூகப் பணியாளர்களும்கூட இதில் சேர்ந்தார்கள்; சேர்ந்தால்தான் வேலை என்று சொல்லப்பட்டவர்களும் உண்டு.

2016 பட்ஜெட்டில் அந்த அரசாங்கம் அறிவித்தது: 2019 ஏப்ரல் 5 அன்று இப்படிப்பட்ட கடன் எவ்வளவு நிலுவையில் இருக்கிறதோ அவ்வளவையும் அந்த ஒரே வருடத்து வருமானமாகக் கருதி வரி போடுவோம். முதலில் 1999 வரை பின்னோக்கிப் போனார்கள். கூச்சல் எழுந்து, 2019 கடைசியில் ஒரு விசாரணை அறிக்கை வந்த பிறகு, 2010 டிசம்பர் 9-க்கு முந்தைய கடன்களை விட்டார்கள். சுமார் 50,000 பேர் மாட்டிக்கொண்டதாக வரித்துறையின் மதிப்பீடு. வீட்டை விற்றார்கள், திவாலானார்கள், தற்கொலைகள் நடந்ததை நாடாளுமன்றத்தில் பேசினார்கள். திட்டத்தை விற்றவர்கள் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைவிடக் கொடுமை, சில டிரஸ்டுகளின் கடன் பத்திரங்களை வேறு நிறுவனங்கள் வாங்கி, ‘எங்களுக்குக் கடனைத் திருப்பிக் கொடு’ என்று நோட்டீஸ் விட்டன. வரியும் கட்ட வேண்டும், வாங்காத கடனையும் கட்ட வேண்டும்.

என் மைத்துனர் மகன் கோட் சூட் போட்ட ஆலோசகர் சொன்னதைக் கேட்காமல் விலகியதால் தப்பினான். கணக்குப்பிள்ளையின் டிராயரும் அந்தத் தீவு டிரஸ்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லண்டன்காரனுக்குத் தவிர்ப்பதற்கு வரி இருந்தது. நம் பையனுக்கு அதுவும் இல்லை. அவனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். மொத்தம் 38 லட்சத்தையும் நேர்மையாகப் பில்லில் காட்டியிருந்தாலும் வருமான வரிச் சட்டம் 44ஏடி பிரிவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். 3,04,000 ரூபாய். வங்கி வழியாக வாங்கியிருந்தால் 6 சதவீதம்தான். 2023-24-ல் புதிய முறையில் 7 லட்சம் வரை வரியே இருக்கவில்லை. ஆக வருமான வரி பூஜ்யம். பில் போட்ட பாதியில் கம்பெனி ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருந்தது, 19,000 ரூபாய். 26ஏஎஸ்-ஐ எடுத்துப் பார்த்தேன், ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம் என்றுகூட இவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி.? ஜாப் ஒர்க் என்று பார்த்தால் 5 சதவீதம், வெறும் ஆள் சப்ளை என்று பார்த்தால் 18. அதைக் கம்பெனியிடம் வாங்கிக் கட்டுவதுதான் முறை.

அப்படியானால் யாருடைய வரியைத் தவிர்க்க இந்த ஏற்பாடு? பில் இல்லாமல் விற்ற சரக்கின் பணம் ரொக்கமாக வந்து நிற்கும். அதற்குப் பில் இல்லாத செலவு வேண்டும். கூலியைப் போல வசதியான செலவு வேறு இல்லை. போதாததற்கு, முதலாளி பங்கு பி.எஃப்., அதன் நிர்வாகக் கட்டணம், இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்துக் கூலியில் பதினாறு சதவீதம் மிச்சம். மிச்சமெல்லாம் அங்கே. கையெழுத்தெல்லாம் இங்கே.

அந்தக் கையெழுத்து இவனுக்கு என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். காகிதம் சொல்கிறபடி அது கடன் என்றால், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது 269எஸ்எஸ் பிரிவு. மீறினால் வாங்கியவனுக்கு அதே அளவு தொகை அபராதம். கொடுத்தவனுக்கு அல்ல, வாங்கியவனுக்கு. கடன் இல்லை, கூலிதான் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாத குற்றம். பதினாலு பேருக்கும் பி.எஃப். கட்டாததற்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் நஷ்டஈடு. சட்டப்படி முதல் பொறுப்பு கம்பெனிக்கு. ஆனால் கட்டியதைக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளவும் அதே சட்டம் வழி விடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இவன்தான்.

கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பயமுறுத்தத்தான் சொன்னேன், ஆனால் ஒரு நல்ல செய்தியும் வைத்திருந்தேன். “தம்பி, உன்னைவிட அவங்கதான் அந்த நோட்டை வெளியே காட்டப் பயப்படணும். பத்தொம்பது லட்சம் ரொக்கம் எங்கே இருந்து வந்ததுன்னு யாராவது கேட்டா பதில் சொல்லணும்ல?”

என் ஆட்சேபம் ஒன்றுதான். காகிதம் இருக்க வேண்டும், அது தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த புதுச்சேரிக்காரனுக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். என் பெரியப்பா மகன் பாரீஸ் அருகே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்த ஊர்ச் சம்பளச் சீட்டுக்கு ‘புல்தேன் த பே’ என்று பெயர். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ‘கால வரம்பின்றிப் பத்திரப்படுத்தவும்’ என்று அச்சடித்திருப்பார்கள். அண்ணன் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது, ஒரு நிறுவனம் மூடிப்போய் ஆவணமே இல்லாமல் போன நாலு வருடத்துக்கு, டிரங்குப் பெட்டியில் இருந்த சீட்டுகளைக் காட்டித்தான் பென்ஷன் வாங்கினார். திருப்பூரின் பென்சில் எழுதிய கவர் எத்தனை நாள் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலை குப்பையில்.

தில்லியில் சட்டங்கள் மாறாமலில்லை. அலவன்ஸ் என்று பெயர் மாற்றி பி.எஃப்.-ஐக் குறைக்க முடியாது என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புகளில், சேர்க்காமல் விடும் படிகள் பாதிக்கு மேல் போனால் அதிகப்படியைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறது. சம்பளச் சீட்டு இருக்கிறவர்களுக்கு அது உதவும். சீட்டே இல்லாதவனுக்கு எதில் பாதி?

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையான கடிதம். இ.எஸ்.ஐ. சட்டம் 40-வது பிரிவின்படி காண்ட்ராக்டர் ஆளுக்கும் பங்குத்தொகை கட்ட வேண்டியது முதன்மை வேலையளிப்பவர்தான், விபத்துத் தகவலை உடனே அனுப்பவும் என்று. நகல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு. தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கூட வந்தார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், அதுவே போதுமானதாக இருந்தது. முதலாளி கோபப்பட்டார். அவருடைய ஆடிட்டர் விவரமானவர், கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு முதலாளியைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. எண் வந்தது. விபத்தை ஏற்றுக்கொண்டு ஏழு மாதக் கூலிப் பணத்தை வங்கியில் போட்டார்கள். தனியார் மருத்துவமனைச் செலவைக் கேட்டுப் போட்ட மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கால் நிரந்தரமாகக் குட்டையாகிவிட்டதற்கு மருத்துவக் குழு சதவீதம் நிர்ணயிக்க வேண்டும், அதற்கும் கூப்பிடவில்லை. அவள் இப்போது ஓவர்லாக் மிஷினில் உட்கார முடியாமல் செக்கிங் பார்க்கிறாள்.

பையன் காண்ட்ராக்டை விட்டுவிட்டான். வேறு கம்பெனியில் மறுபடி சிங்கர் டெய்லர். அடகு நகை இன்னும் மீட்கவில்லை. 19,000-க்கு ரிட்டர்ன் போட்டுப் பணம் வாங்கிக் கொடுத்தேன். ரிட்டர்னில் கையில் வாங்கியதையும் சேர்த்தே காட்டச் சொன்னேன், ஆடிட்டர் ஃபீஸ் என்னுடையது.

புரோநோட்டுகளைத் திருப்பிக் கேட்டோம். பதினொன்றில் ஒன்பது வந்தது. என் வீட்டுத் திண்ணையில் வைத்தே கிழித்தான். மீதி இரண்டைக் காணவில்லை, எங்கேயோ தவறிவிட்டது என்கிறார் கணக்குப்பிள்ளை. இரண்டுமே பெறுபவர் பெயர் எழுதாதவை. ஒன்று 2024 மார்ச், ஒன்று மே. புரோநோட்டுக்குக் காலாவதி மூன்று வருடம். 2027 மே கடைசி வரை யாராவது ஃபைனான்ஸ்காரர் பெயரில் வக்கீல் நோட்டீஸ் வந்தால் உடனே என்னிடம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.